விளம்பரம் முடியட்டும்

முதல் ஈடு முறுக்கு எண்ணெயில் அடங்கி மேலே மிதந்து வருகிற நேரத்தில்தான் தங்காயியின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, அப்பறம் நான் இருக்க மாட்டேன்." ஒரு பெண்பிள்ளையின் குரல், கூடத்திலிருந்து வந்தது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்கு முன்னால் மகள் கோபிகா காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள், மடியில் போன் இருக்கும், சாயங்காலம் ஆனால் அவள் இருக்கிற இருப்பு அதுதான். ஓடுவது அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீரியல், 'ப்ளஸ் டூ சி செக்‌ஷன்'. அதில் வருகிற பிள்ளைகளும் தினமும் ஒன்று போனால் ஒன்று இப்படித்தான் அழுது பேசிக்கொண்டிருக்கும். அதில் ஏதோ ஒன்று சொல்லியிருக்கும் என்று தங்காயி முறுக்கு அச்சை எடுத்து அடுத்த ஈட்டைப் பிழியப் போனாள். கை எழவில்லை. ஏன் எழவில்லை என்று அவளுக்கே முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் மியூசிக் இல்லை. சீரியலில் ஒரு பிள்ளை செத்துப்போவேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் சும்மா விடுவார்களா, வயலின் வரும், இடி இடிக்கும், ஒவ்வொரு மூஞ்சியாகக் காட்டும்போது ஒவ்வொரு தரமும் டம்மென்று ஒரு சத்தம் விழும், அம்மா மூஞ்சிக்கு ஒன்று, டீச்சர் மூஞ்சிக்கு ஒன்று, சம்பந்தமில்லாமல் வாசலில் நிற்கிற வேலைக்காரி மூஞ்சிக்குக்கூட ஒன்று. இந்தப் பேச்சு மொட்டையாக வந்தது. எதிராளியின் காதுக்கு மட்டும் போதும் என்று ஒடுக்கிச் சொன்ன குரலில் வந்தது. அதற்குள் விளம்பரம் தொடங்கிவிட்டது, நகைக்கடைக்காரன் கல்யாணப் பெண்களை வரிசையாக நிறுத்தி நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தையின் மேல் இத்தனை சத்தத்தைக் கொட்டினால் அந்த வார்த்தையை எங்கே போய்த் தேடுவது.

இருக்கட்டும், விளம்பரம் முடியட்டும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளம்பரம் முடிந்தால் தெரிந்துவிடும். இந்தச் சீரியல்காரர்கள் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்க மாட்டார்கள், கடைசியாகக் காட்டினதையே மறுபடி ஒருதரம் காட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள், பாதிக் கதையை அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று அவளே எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. அந்தப் பேச்சு மறுபடி வந்தால் அது சீரியல் பிள்ளை சொன்னது. வராவிட்டால்? வராவிட்டால் என்பதைத் தங்காயி நினைக்கவில்லை, முறுக்கைத் திருப்பிப் போட்டாள், ஒன்று உடைந்து இரண்டாயிற்று. தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லை. வயசுக்கு வந்த வருசத்திலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் விசைத்தறிப் பட்டறையில் நின்றவள். அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிற இடத்தில், பக்கத்துத் தறிக்காரி நூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொண்டே முணுமுணுக்கிற வம்பை ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்ட காது அது. கேட்டது கேட்டதுதான். குரல்தான் யாருடையது என்று பிடிபடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவதும் டிவிப் பேச்சாகவே ஆகிவிட்டது, கோபிகாவும் அவள் கூட்டாளி சௌமியாவும் வாசலில் நின்று பேசினால் உள்ளே டிவி ஓடுகிற மாதிரியே இருக்கும். பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமல் ஒருத்தி இருப்பாளா என்று கேட்டால் தங்காயி என்ன சொல்வாள், தெரியும், சோறு போடு என்கிற குரல் தெரியும், ரப்பர் பேண்டு எங்கே என்கிற குரல் தெரியும். இந்தக் குரலில் அவள் தன்னோடு பேசினதில்லையே, எப்படித் தெரியும். இருக்க மாட்டேன் என்றால் எங்கே இருக்க மாட்டாள்? வீட்டிலா, ஊரிலா, ஓடிப்போய்விடுவேன் என்று அர்த்தமா? ஓடிப்போகட்டும், மகராசியாக எங்கேயாவது ஓடிப்போய் இருக்கட்டும், என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, என்ன நினைப்பு இது என்று பயந்துபோய் அடுப்பைத் தணித்தாள். ஓடிப்போவது பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு அந்தப் பக்கம் வேறொன்று நிற்கிறதே, அதைத்தான் மனசு பார்க்க மாட்டேன் என்றது.

நகைக்கடை போய் மசாலாப்பொடி வந்தது. ஒரு மாமியார் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். இந்த முறுக்கு எல்லாம் தங்காயியின் புருசன் அர்த்தனாரிக்குப் போகிறது. போர்வெல் வண்டியில் டிரில்லராக இருக்கிற மனிதன், சத்தீஸ்கர் பக்கம் எங்கேயோ பாறையைக் குடைந்துகொண்டு கிடக்கிறது, விடிந்தால் இங்கேயிருந்து புறப்படுகிற வண்டியில் கொடுத்துவிட்டால் ஒரு டின் முறுக்கு போய்ச் சேரும். புருசன் இங்கே இருந்தால் இப்போது ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் என்ன சொல்லும், உனக்கு வேற வேலை இல்ல, டிவியப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போன என்று சொல்லும். அந்த மனிதன் வீட்டுக்கு வருகிற மாசத்தில் டிவியில் ஒரு பையனும் பிள்ளையும் கிட்டே வந்து நின்றால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணி குடிக்க எழுந்து போய்விடும், அது வருவதற்குள் கோபிகாவே சேனலை மாற்றிவிடுவாள், அப்பனுக்கும் மகளுக்கும் பேசிவைத்த மாதிரி ஓர் ஏற்பாடு. தங்காயி அப்படி இல்லை. அவள் எதற்கும் எழுந்து போக மாட்டாள். அடுப்படியில் இருந்தாலும் காதால் பார்ப்பாள், பார்த்ததற்குப் பதில் சொல்லாமல் விட மாட்டாள். அது ஒரு பழக்கம். தறிப்பட்டறையில் ஊர்க்கதைக்குப் பதில் சொன்ன வாய், டிவிக்கும் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. சீரியல்காரி புருசனை நம்பினால் இங்கேயிருந்து ஒரு திட்டு, கொழுந்தனை நம்பினால் ஒரு திட்டு, குழம்புக்கு உப்புப் போடுகிற கையோடு போடுகிற திட்டு, அதற்கு அர்த்தமா பார்ப்பார்கள். கோபிகா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்தாள். முன்னே சிரித்தாள்.

முன்னே என்றால் எப்போது என்று தங்காயியின் நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டது, முள்ளில் மாட்டின சேலை மாதிரி, இழுத்தால் கிழியும் என்று தெரிந்தே இழுத்தாள். இந்தச் சீரியலில் மேகா என்று ஒரு பிள்ளை. நல்லாப் படிக்கிற பிள்ளை. கூடப் படிக்கிற பையனை நம்பி எதையோ படம் பிடித்து அனுப்பிவிட்டது, அவன் அதை வைத்துக்கொண்டு, சொன்ன இடத்துக்கு வா இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான். என்ன படம் என்று சீரியலில் சொல்லவும் இல்லை, காட்டவும் இல்லை, சீரியல்காரன் போனைக் காட்டுவான், அவள் மூஞ்சியைக் காட்டுவான், இடி இடிக்கும். அதை வைத்தே வாரக்கணக்காக ஓட்டுகிறான். மேகாவின் அம்மாவாக நடிக்கிறவள் பெரிய ஜிமிக்கி போட்டுக்கொண்டு வருவாள், மகளை நம்பித்தான் உயிரோடு இருக்கிறேன் என்று வாரத்துக்கு ஒருதரம் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லுவாள். அந்தப் படத்துக் கதை தொடங்கின அன்றைக்குத் தங்காயி இங்கே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். சட்டுவத்தோடு கூடத்து வாசலுக்கு வந்து நின்று, இதெல்லாம் என் வவுத்துல பொறந்திருந்தா அன்னைக்கே கழுத்த நெரிச்சுக் கெணத்துல போட்டிருப்பேன் என்றாள். சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள். கோபிகா அன்றைக்குச் சண்டைக்கு வந்தாள், அவ மேல என்னம்மா தப்பு, மிரட்டறவன் அவன்தானே என்றாள். படம் புடிக்க நின்னது யாரு, அவனா வந்து நின்னான், என்று இவள் கேட்டாள். நம்பி அனுப்பிச்சாம்மா. நம்பறதுக்கு அவன் என்ன அவளுக்குத் தாலி கட்டுனவனா. இப்படி இரண்டு நாள், மூன்று நாள், வாய்க்கு வாய் நடந்தது. சௌமியாகூட ஒரு நாள் இருந்தாள், அத்தை நீங்க சீரியலுக்கே வசனம் எழுதலாம் போங்க என்று கேலி பண்ணினாள். தங்காயிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் இன்னும் நாலு சொன்னாள். மானம் போன பொறவு இவளுக்கு உசுரு எதுக்கு என்று சொன்னாள். அதைச் சொன்னது நினைவு வந்ததும் தங்காயி கண்கரண்டியை வடைச்சட்டி விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். அதைச் சொன்ன அன்றைக்கு மகள் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. தான் சொல்கிற நியாயம் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள், அதற்கும் சந்தோசப்பட்டாள். அதற்குப் பிறகுதான் கோபிகா டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கத் தொடங்கினாள். ஏண்டி ஊருக்கே கேக்கோணுமா என்றால், உனக்கு அடுப்படிக்குக் கேக்கோணுமில்ல என்றாள். அதற்கும் சந்தோசம். அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று பிள்ளை சத்தம் வைக்கிறாள் என்று. எதைக் கேட்கவிடாமல் இருக்க அந்தச் சத்தம் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா.

சோப்பு விளம்பரம். ஒரு குழந்தை சேற்றில் குதிக்கிறது, அம்மாக்காரி கோபிக்காமல் சிரிக்கிறாள், அவளுக்கென்ன, சோப்பு இருக்கிறது. எண்ணெயில் கிடந்தது கருகுகிற வாசம் வந்தது, அள்ளித் தட்டில் போட்டாள், அடுத்ததைப் பிழியவில்லை. இந்த ஒரு வாரமாகக் கோபிகா என்ன தின்றாள் என்று யோசித்தாள். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்ததே ஒழிய தின்றதைப் பார்க்கவில்லை. வயித்துவலி என்று முந்தாநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயித்துவலி. அந்தச் சொல்லை நினைத்ததும் தங்காயிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. இந்த ஊரில் வயித்துவலிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா. தறிப்பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்த ஒரு பிள்ளை, இவளைவிட இரண்டு வயசு இளையது, பாவு நூல் பிணைக்க வரும், வெள்ளைத் தாவணி போட்டால் தும்பைப்பூ மாதிரி இருக்கும். ஒரு நாள் வரவில்லை. தீராத வயித்துவலி, அதில் உயிரை விட்டுவிட்டது என்றார்கள். பேப்பரிலும் அப்படியே போட்டார்கள் என்று மேஸ்திரி படித்துக் காட்டினார். எல்லாருக்கும் எல்லாமும் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா அழும்போதுகூட, வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே சாமீ என்றுதான் அழுதாள். பொய்யை வைத்துக்கொண்டு அப்படி அழ முடியுமா என்று அன்றைக்குத் தங்காயிக்கு ஆச்சரியமாக இருந்தது. அது பொய் இல்லை என்று இப்போது தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். ஏன் சொல்லவில்லை? அந்த வீட்டிலும் யாராவது அடுப்படியில் நின்று எதற்காவது பதில் சொல்லியிருப்பார்களோ. அப்போது டிவி ஏது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். யாரையோ சொன்னது, பிள்ளைக்கு எழுதின தீர்ப்பாகப் போயிருக்கும். போதும், போதும், இதெல்லாம் சும்மா நினைப்பு, கோபிகாவுக்கு முந்தாநாள் நிசமாகவே வலித்தது, ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேனே, குடித்தாளே. குடித்தாளா. விளம்பரம் முடியட்டும். சீரியலில் அந்தப் பேச்சு வரும். மேகா சொல்லியிருப்பாள், வேறு யார் சொல்லப் போகிறார்கள், அவள்தானே அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று தவிக்கிறவள். மியூசிக் போட மறந்திருப்பார்கள். ஒரு நாளைக்கு மறக்க மாட்டார்களா, மனுசர்கள்தானே. மியூசிக் போடுகிறவனுக்குக் காய்ச்சலாக இருக்கும். முகம் தெரியாத அந்த ஆளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று தங்காயி மலையைப் பார்த்த ஜன்னல் பக்கம் திரும்பி மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டாள். கை எண்ணெயாக இருந்தது, கும்பிட்ட கை வழுக்கியது.

வீட்டுமனை விளம்பரம் வந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் பக்கம், எல்லாத்துக்கும் பக்கம் என்றார்கள். கூடத்தில் வேறு சத்தமே இல்லை. போய்ப் பார்க்கலாம். எட்டிப் பார்த்தால் போதும், போன் காதில் இருக்கிறதா மடியில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். போகவில்லை. போனால் என்ன செய்யும் தெரியுமா இந்த வாய்? யாருகிட்டடி பேசற என்று தொடங்கும். போனைக் கொண்டா என்று கத்தும். கை முந்திக்கொண்டு போகும். பிள்ளை ஒன்றுமில்லை என்பாள், சீரியல்மா என்பாள், அதோடு கதவு சாத்திக்கொள்ளும், அப்புறம் தட்டினாலும் திறக்காது. எங்கம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுது. உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மிரட்டுகிற ஒருவன் இருக்கிறானோ என்னவோ, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இத்தனை பேருக்கும் பயப்படாத பிள்ளை இந்த அடுப்படிக்குப் பயப்படுகிறாள். இதை நினைத்தபோது தங்காயிக்கு அழுகை வரவில்லை. குளிர்ந்தது. அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு குளிர்ந்தது.

சீரியல் பாட்டு வந்தது. பள்ளிக்கூட மணி அடிக்கிற அந்தத் தொடக்கச் சத்தம். தங்காயி அடுப்பை அணைத்தாள், எண்ணெய்ச் சத்தம் அடங்க வேண்டுமே. மூச்சையும் பிடித்துக்கொண்டாள். விட்ட இடத்தைக் காட்டினார்கள். பிரின்சிபால் குரல் வந்தது. "இந்த விஷயத்தைப் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் பேச வேண்டியதுதான் மேடம்." அதற்கு டீச்சர் குரல், அவசரப்படாதீர்கள் சார், முதலில் நான் மேகாவிடம் தனியாகப் பேசுகிறேன் என்றது. இடி இடித்தது. பிரின்சிபால் மூஞ்சிக்கு ஒன்று, டீச்சர் மூஞ்சிக்கு ஒன்று. கதவுக்குப் பின்னால் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் போல, அதற்கும் ஒன்று. விளம்பரத்துக்கு முன்னால் நின்றது இதுதான். ஆம்பளைக் குரலும் நடுவயசுக்காரி குரலும். பெண்பிள்ளை யாரும் அந்த இடத்திலேயே இல்லை. தங்காயி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் பின்னாலிருந்து காட்டுவார்களோ என்று, டிவிக்காரனிடம் பிச்சை கேட்கிற மாதிரி. காட்டவில்லை. கதை மேலே போய்விட்டது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். கோபிகா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள், வைத்த வேகம் இவளுக்குத் தெரிந்தது, பார்க்காத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னம்மா, முறுக்கு ஆயிருச்சா" என்று மகள் கேட்டாள். கண் சிவந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது, சிரிக்கவும் செய்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தங்காயி பயந்ததுபோல் அழுகையைப் பார்த்திருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டாள். மாவு ஊறட்டும் என்று என்னமோ சொன்னாள். இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். டிவியில் மேகாவின் அம்மாவுக்கு விசயம் தெரிந்துவிட்டது, யாரோ படத்தை அனுப்பிவிட்டார்கள், ஜிமிக்கி ஆட ஆட மகளை அறைந்தாள், நீ எனக்குப் பிறக்கவே இல்லை என்றாள், அறைந்ததையே முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் காட்டினார்கள். கோபிகா டிவியைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் அந்தப் பார்வை தன் கன்னத்தில் ஊர்வது தங்காயிக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லுவாள். எப்போதும் சொல்லுவாள். பிள்ளை அதற்காகத்தான் காத்திருக்கிறாள். ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு இத்தனை வருசம் பேசின வாய் பேச்சை மறந்துவிட்டது. டிவியில் மேகா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"அந்த அம்மாக்காரிக்கு அறிவே இல்ல" என்றாள் தங்காயி. குரல் கரகரத்தது, செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "புள்ள முழுசா முன்னால வந்து நிக்குது. அதப் புடிச்சு மடியில போட்டுக்காம, ஊரு என்ன சொல்லும்னு அடிக்கறா பாரு."

கோபிகா பார்வையை எடுத்து டிவிப் பக்கம் திருப்பினாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ அன்னைக்கு இப்படிச் சொல்லலியே."

"அன்னைக்குச் சொன்னது கூறுகெட்டதனமா சொன்னது."

"இப்பச் சொல்றது?"

தங்காயிக்கு ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லவும் பயம், கேட்கவில்லை என்று சொல்லவும் பயம். "இப்பச் சொல்றது உனக்கு, கண்ணு" என்றாள். அதைச் சொன்னதும் மகள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். கவிழ்த்து வைத்த போனை எடுக்கவில்லை, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள், அது எழுந்து ஓடிவிடும் என்கிற மாதிரி.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா, முடிக்கற வரைக்கும் அடிக்காமக் கேப்பியா?"

தங்காயிக்குத் தன் கைகளின் மேலேயே நம்பிக்கை இல்லை. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு சாமி" என்றாள்.